உப்பளக் கரையில் உதிரும் நாய்முடி

நாய்முடி வாரும் வேக்குவம் கருவி, வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனரின் சிறிய உருவம். ஒரு மோட்டார், அது சுழற்றும் விசிறி, முடி சேரும் தொட்டி, வடிகட்டி, வளையும் குழாய் ஆகியவை அதன் உறுப்புகள். குழாயின் முனையில் மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ள நாலைந்து தலைகள் வரும்: பல் வைத்த பிரஷ், உதிர்முடி வாரும் சீப்பு, முடி வெட்டும் ட்ரிம்மர், சோபா இடுக்கில் நுழையும் தட்டை மூக்கு. நாயின் உடலிலிருந்து முடியைக் காற்றுதான் இழுத்து எடுக்கிறது என்று விளம்பரத்தைப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வது இயல்பு. உண்மையில் முடியை எடுப்பது சீப்பின் பல். கழன்ற முடி தரையிலும் காற்றிலும் பரவுமுன் அதைப் பிடித்துத் தொட்டியில் சேர்ப்பது மட்டுமே காற்றின் வேலை. இது பிடிபட்டால், கருவியை எப்படிக் கையாள்வது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, நாய் வாழும் ஊரின் காற்றைப் பொறுத்தது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, உப்பளங்களும் கழுவேலி நீர்ப்பரப்பும் கடலும் சூழ்ந்த மரக்காணத்தில் அந்தக் காற்று உப்பும் ஈரமும் கலந்தது.

முடி ஏன் உதிர்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நாயின் தோலில் ஒரே துளையிலிருந்து ஒரு முரட்டு முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் கிளம்புகின்றன. முரட்டு முடி மழையையும் வெயிலையும் தடுக்கும் மேல்முடி. மெல்லியவை சூட்டைப் பிடித்துவைக்கும் அடிமுடி. ஒவ்வொரு முடிக்கும் வளர்ச்சி, தேய்வு, ஓய்வு, உதிர்வு என்று நான்கு கட்டங்கள் உண்டு. மனிதத் தலைமுடியில் பெரும்பகுதி எந்நேரமும் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும்; அதனால்தான் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான நாய் இனங்களில் இது தலைகீழ். முடி ஓரளவு வளர்ந்ததும் நெடுநாள் ஓய்வில் கிடந்து, புதுமுடி கீழிருந்து முளைக்கும்போது விழுந்துவிடுகிறது. பூடில் போன்ற சில இனங்களில் மட்டும் முடி மனிதரைப் போல் வளர்ந்துகொண்டே போகும்; அவை குறைவாக உதிர்ப்பதற்கும் அடிக்கடி வெட்ட வேண்டியிருப்பதற்கும் காரணம் ஒன்றே. நாய்களின் முடியில் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்று நீளத்தையும், ஒன்று சுருளையும், இன்னொன்று மீசையும் புருவமும் தடித்து வளர்வதையும் ஆள்கிறது.

உதிர்வின் காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பகலின் நீளம். கண்ணில் விழும் ஒளியின் அளவுக்கேற்ப மூளை மெலடோனினைச் சுரக்கிறது. அது வேறு சில ஹார்மோன்கள் வழியே முடித்துளைகளுக்குப் பருவம் மாறுவதைச் சொல்கிறது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் இடையே எட்டரை மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. அங்கே வளரும் ஜெர்மன் ஷெப்பர்டு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கொத்துக் கொத்தாக முடியைக் கொட்டிவிட்டு மற்ற மாதங்களில் ஓரளவு அடங்கியிருக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகை வடக்கே இருக்கும் மரக்காணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். பருவச் செய்தி அத்தனை மங்கலாக வந்து சேர்வதால், இந்தக் கரையில் அதே நாய் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. எந்நேரமும் மின்விளக்கின் கீழ் வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்க்கு அந்த மங்கலான செய்தியும் இன்னும் குழம்பிப்போகும். ஆண்டுக்கு இருமுறை பெரிய சீவல் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் கணக்கு இங்கே உதவாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சிறிது நேரம் வாருவதே பொருந்தும்.

எல்லா நாய்க்கும் இந்தக் கருவி தேவையா என்றால், இல்லை. உப்பளக் கரைகளில் திரியும் நாட்டு நாய்க்கும், தமிழ்நாட்டின் சொந்த இனங்களான இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றுக்கும் முடி குட்டையாகப் படிந்திருக்கும். அடிமுடி மிகக் குறைவு. ரப்பர் கையுறையால் தடவி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வேக்குவம் வாங்குவது இவற்றுக்கு வீண் செலவு. கருவிக்கு உண்மையான வேலை வைப்பவை குளிர்நாட்டு இனங்கள். லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் குளிர்ந்த கடலில் நீந்தியவை, கோல்டன் ரெட்ரீவர் ஸ்காட்லாந்தில் உருவானது, ஹஸ்கி சைபீரியாவுடையது. அந்தக் குளிருக்கென வாய்த்த அடிமுடியைச் சுமந்துகொண்டுதான் அவை அக்னி நட்சத்திர வெயிலில் தமிழ்நாட்டு வீடுகளில் படுத்துக் கிடக்கின்றன. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் சிறிது வியர்க்கும், வெயில் நேரத்தில் சூட்டின் பெரும்பகுதியை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெளியேற்ற வேண்டும். கழன்றும் விழாமல் சிக்கிக் கிடக்கும் அடிமுடி தோலுக்குக் காற்றுப் போவதைத் தடுப்பதால், அதை வாரி எடுப்பது நாய்க்கு உண்மையிலேயே ஆறுதல்.

இனி உறிஞ்சும் விசை. வேக்குவம் கருவிக்குள் வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. விசிறி காற்றைப் பின்பக்கம் தள்ளுவதால் உள்ளே அழுத்தம் சற்றுக் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் அந்தக் குறையை நிரப்பக் காற்றை உள்ளே தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். நாய்முடிக் கருவிகளின் அட்டைப்பெட்டியில் காணும் 10 கிலோபாஸ்கல் என்ற எண், அதில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்பதைத்தான் குறிக்கிறது. அந்த எண்ணும் குழாயின் வாயை முழுக்க அடைத்து அளந்தது. வாய் திறந்திருக்கும்போது கிடைப்பது அதைவிடக் குறைவு. முடியைத் தூக்கிச் செல்வது அழுத்தத்தைவிடக் காற்றின் வேகம். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 20 லிட்டர் காற்று ஓடினால் அதன் வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். உதிர்ந்த முடியை அடித்துச் செல்ல அது தாராளமாகப் போதும்.

ஆனால் அந்த வேகம் குழாய்க்குள் மட்டும்தான். வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்தாலே வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உறிஞ்சும்போது காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதே காரணம். ஊதும்போது அப்படியில்லை, காற்று ஒரே திசையில் பீய்ச்சப்படுவதால் பல மடங்கு தூரத்திலும் வேகம் நிற்கும். நாய் சலூன்களில் பயன்படும் பெரிய ஊதுலர்த்தி அடிமுடியைக் கிளப்புவதில் உறிஞ்சியைவிட வலியது; ஆனால் கிளப்பிய முடியையெல்லாம் அறை முழுக்க வாரி இறைத்துவிடும். இந்தச் சிக்கல் பழையது. 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், இருக்கைகளிலிருந்து தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்ததிலிருந்துதான் வேக்குவம் கிளீனர் வளர்ந்தது. விண்வெளி நிலையத்தில் முடி வெட்டிக்கொள்பவர்களும் ட்ரிம்மரோடு உறிஞ்சுகுழாயைச் சேர்த்தே வெட்டுகிறார்கள். எடையற்ற இடத்தில் வெட்டிய முடி மிதந்து கண்ணிலும் கருவிகளிலும் புகும்.

பிரஷ் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. அதே நேரத்தில், பல் இல்லாத வெறும் குழாயைத் தோலில் வைத்து அழுத்தக் கூடாது. 3 சென்டிமீட்டர் வாயைத் தோல் முழுக்க அடைத்துக்கொண்டால், 10 கிலோபாஸ்கலில் அந்த இடத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 700 கிராம் எடைக்குச் சமம். மனிதத் தோலின் மேலடுக்கைவிட நாயின் மேலடுக்கு மிக மெல்லியது. காது மடல், வயிற்றடி, முலைக்காம்பு, பிறப்புறுப்பு ஆகியவற்றின் பக்கமே வெறும் குழாய் போகக் கூடாது.

மரக்காணத்தில் கூடுதலாகக் கணக்கில் எடுக்க வேண்டியது உப்பு. ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை இங்கே உப்பு விளைகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர் பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டி, கடைசியில் படிகமாகிறது. அலை உடையும் கரையிலிருந்து எழும் நுண்ணிய உப்புத் துகள் கடல்காற்றோடு வந்து சேர்கிறது. கரையோரம் உலாவிவிட்டு வரும் நாயின் முடியில் இவை ஒட்டிக்கொள்கின்றன. பாத்தி ஓரத்தில் இறங்கி ஏறினால் கால்முடியில் உப்பு பூத்தே போகும்.

சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும், அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் காயும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவை எளிதாகத் தாண்டுகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசை பிடித்தது. 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். சுத்திகரிக்காத கல்லுப்பு சட்டியில் கசிந்து நிற்பதற்கும் இதுவே காரணம். ஆகவே கடல் உப்பு படிந்த நாய்முடி, தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே பிசுபிசுத்துக் கிடக்கும். அதன்மேல் அப்படியே கருவியை ஓட்டினால் படிகங்கள் சீப்புப் பல்லுக்கும் தோலுக்கும் இடையில் உரசும், ட்ரிம்மர் பிளேடு மழுங்கும், தொட்டியில் சேரும் முடி உப்பீரத்தில் ஒட்டிக் கெட்டிப்படும், வடிகட்டி அடைபடும். அடைபட்ட வடிகட்டியில் காற்று ஓடாது. மோட்டார் சத்தம் கூடும், உறிஞ்சல் குறையும். கருவி பழுது என்று எண்ணவைக்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

எனவே இந்தக் கரையில் வரிசை இப்படி அமைய வேண்டும்: முதலில் நன்னீரில் அலசல், பிறகு துவட்டல், முழுக்க உலர்தல், அதற்கப்புறமே வாருதல். அலசும் நீர் உவர்ப்பாக இருந்தால் பயனில்லை. கிணற்று நீர் உவர்க்கும் தெருக்களில் குடிநீர்க் குழாயில் வரும் நீரைக் கடைசி ஒரு வாளிக்காவது ஒதுக்க வேண்டும். ஷாம்பு ஒவ்வொரு முறையும் தேவையில்லை. உலர்ந்ததா என்பதை முதுகைத் தொட்டு முடிவுசெய்யக் கூடாது. காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். லேப்ரடாரின் அடிமுடி மேலே காய்ந்த பிறகும் நெடுநேரம் ஈரம் பிடித்திருக்கும். ஈரமுடியில் இந்தக் கருவியை ஓட்டுவது 230 வோல்ட் மின்சாரத்தோடு விளையாடுவது. நீரையும் உறிஞ்சும் வகை என்று குறிப்பிட்டிருந்தால் தவிர, உள்ளே போகும் ஈரம் நேரே மோட்டாரை நோக்கிப் போகும். கோடையில் கடல்காற்று எழுவதற்கு முந்தைய முற்பகல் நேரம் இந்த வேலைக்கு ஏற்றது. காலைப் பனி ஈரம் போயிருக்கும், கடலின் ஈரம் இன்னும் வந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மின்விசிறிக்குக் கீழே கிடத்தி உலர்த்துவதைத் தவிர வழியில்லை.

உப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய் தன் முடியை நக்குவதால் உள்ளே போகும் உப்பு பெரும்பாலும் தாகத்தோடு தீர்ந்துவிடும். உப்பளத்தில் செறிந்து நிற்கும் நீரைக் குடிப்பது அப்படியல்ல. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிராம் உப்பு நாயின் உயிரை எடுக்கும். 20 கிலோ நாய்க்கு அது 80 கிராம்; படிகமாகும் நிலையில் உள்ள பாத்தி நீரில் கால் லிட்டரிலேயே அந்த அளவு உண்டு. உலாவப் போகுமுன் நாய்க்கு வீட்டில் நல்ல தண்ணீர் காட்டிவிடுவது, எந்தக் கருவியையும்விட முக்கியம்.

உப்பைத் தாண்டினால் அடுத்த தடை சத்தம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 வரை. நாய்க்கு மிகக் கூர்மையாகக் கேட்பது 8,000 ஹெர்ட்ஸ் அளவில். நிமிடத்துக்கு 30,000 முறை சுழலும் விசிறி நொடிக்கு 500 முறை சுற்றுகிறது. அதில் ஏழு இதழ்கள் இருந்தால் 3,500 ஹெர்ட்ஸில் ஒரு விசில் கிளம்பும், அதன் மடங்குகள் 7,000, 10,500 என்று மேலே போகும். மனிதருக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பது நாய்க்குக் காதைத் துளைக்கும் ஒலியாக இருப்பதன் கணக்கு இது. பெட்டியில் எழுதிய டெசிபல் எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. ஆனால் அந்த எண்ணும் பெரும்பாலும் மனிதக் காதுக்கு ஏற்பத் திருத்தி அளந்தது. நாய்க்கு உறைக்கும் உயர் ஒலிகளை அது முழுக்கச் சொல்வதில்லை.

பழக்குவதற்கு அவசரம் ஆகாது. முதலில் மோட்டாரை ஓட்டாமல் பிரஷை மட்டும் கொண்டு வார வேண்டும். அடுத்து, கருவி வேறு அறையில் ஓடிக்கொண்டிருக்கும்போது நாய்க்குப் பிடித்த தீனி கொடுக்க வேண்டும். சில நாட்களில் அதை மெல்ல அருகே நகர்த்தலாம். இரண்டையும் ஒன்றுசேர்ப்பது கடைசி. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மோட்டாரை நாயிடமிருந்து தள்ளி வைக்கலாம். காதை மடக்குவது, வாலைக் கால்களுக்கு இடையில் செருகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது ஆகியவை பயத்தின் அடையாளங்கள். அவற்றைக் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை அமுக்கிப் பிடித்து முடித்துவிட்டால், அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போதே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வாரும்போது சிக்குகளை முதலில் விரலாலும் சாதாரணச் சீப்பாலும் பிரிக்க வேண்டும். சடை விழுந்த இடத்தில் உறிஞ்சல் ஓட்டினால் சடை இறுகவே செய்யும். தோளிலும் முதுகிலும் தொடங்கி முடி படிந்திருக்கும் திசையிலேயே இழுத்து, பின்னந்தொடைக்கு வந்து, கால்களையும் மார்பையும் கடைசிக்கு வைப்பது வழக்கம். முகத்துக்குக் கருவி வேண்டாம், ஈரத்துணி போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால், உதிரத் தயாராக இல்லாத முடியையும் சீப்பு அறுத்துவிடும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்; வெயில் நாளில் அதற்கு மேல் நாய்க்கே பொறுமை இருக்காது.

பெட்டியில் ட்ரிம்மரும் இருப்பதால், வெயிலுக்கு மொட்டையடித்துவிடலாம் என்று தோன்றும். அடிமுடி அடர்ந்த நாய்களுக்கு இது தவறு. கழன்ற அடிமுடியை வாரி எடுத்த பின் மீதி நிற்கும் மேல்முடி, வெயில் நேரே தோலில் படாமல் தடுக்கிறது. மொட்டையடித்தால் தோல் வேகும். சில நாய்களில் வெட்டிய இடத்தில் முடி பல மாதம் முளைக்காமலும் போகும். ட்ரிம்மரைப் பாதத்துக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் மட்டும் பயன்படுத்தலாம். பிளேடு ஓட ஓடச் சூடேறும். அவ்வப்போது புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உண்ணிகளை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. தோலில் வாயைப் பதித்துவிட்ட உண்ணியைக் காற்றால் அசைக்க முடியாது. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். முடியில் ஊர்ந்துகொண்டிருப்பவை தொட்டிக்குள் போகும். ஆனால் உயிரோடு போகும். தமிழ்நாட்டில் நாய்களிடம் பரவலாகக் காணும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் இரத்த நோயைப் பரப்புவது. அதன் பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தொட்டியை உடனே காலிசெய்து, முடியை சோப்புத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். தெள்ளுப்பூச்சியின் கதை வேறு: வேக்குவம் கிளீனரில் உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளுகளில் 96 சதவீதம் செத்துவிடுகின்றன என்று 2007-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் கண்டனர். அலைக்கழிப்பில் அவற்றின் மெழுகுப் பூச்சு தேய்ந்து போவது காரணமாக இருக்கலாம் என்றனர்.

வீட்டில் ஆஸ்துமாவோ தும்மலோ உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அல்ல. எச்சிலிலும் தோல் செதிளிலும் இருக்கும் சில புரதங்கள். இவை ஒட்டிய நுண்துகள்கள் முடியைவிடப் பல மடங்கு சிறியவை; சாதாரண வடிகட்டி அவற்றை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் அறைக்குள் ஊதிவிடும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவியே இவர்களுக்கு உதவும். ஒவ்வாமை உள்ளவர் தாமே வாராமல் இருப்பது அதைவிட உதவும்.

வட்ட வட்டமாக முடி கொட்டினால், இரு பக்கமும் ஒரேபோல் முடி மெலிந்தால், சொறிந்துகொண்டே இருந்தால், தோல் கறுத்து நாற்றம் வீசினால் அது வழக்கமான உதிர்வு அல்ல. சொறிப்பூச்சி, தைராய்டு குறைபாடு, ஈரக் காற்றில் செழிக்கும் ஈஸ்ட் தொற்று, படர்தாமரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகியவை இந்தக் கரைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். அதன் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த நோய் இருக்கும்போது கருவியைத் தொடவே கூடாது. ஓட்டினால் குழாயும் தொட்டியும் நோயைச் சேமித்து அடுத்த நாய்க்குக் கொடுக்கும்.

வேலை முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, பிரஷ் பற்களில் சுற்றிய முடியை எடுத்து, கழுவத்தக்க வடிகட்டி என்றால் நன்னீரில் அலசி, ஒரு நாளாவது நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். உப்பில் உள்ள குளோரைடு எஃகைத் தின்னும். ட்ரிம்மர் பிளேடைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடாமல் வைத்தால் இந்தக் கரையில் சில வாரங்களில் துரு ஏறிவிடும். கருவியைத் திறந்த வராந்தாவில் வைக்காமல், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம்.

சேர்ந்த முடியில் நைட்ரஜன் அதிகம்; உரக்குழியில் போட்டால் மெல்ல மட்கும். உண்ணி மருந்து இட்ட நாயின் முடிக்கு அது பொருந்தாது. பறவைகள் கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று அதை வேலியில் விட்டுவைப்பதும் வேண்டாம். பிரிட்டனில் விலங்குமுடி கலந்து கட்டிய சிறுபறவைக் கூடுகளைச் சோதித்த சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்பு விலங்குகளுக்கு இடும் ஃபிப்ரோனில் மருந்து எல்லாக் கூடுகளிலும் இருந்ததை 2025-இல் வெளியிட்டனர். மருந்து கூடிய கூடுகளில் பொரியாத முட்டைகளும் செத்த குஞ்சுகளும் கூடுதலாக இருந்தன. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியை ஒட்டிய ஊர்களில், மருந்திட்ட முடியைப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் சேர்ப்பதே முறை.